ஆழ்மனத்துக்குப் பதில் எழுதுதல்

மலேசியாவின் பினாங்கில் எங்கள் குடும்பங்களில் யாராவது காலையில் ஒரு கனவைச் சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் காட்டுவார்கள். பாம்பு வந்ததா, இறந்துபோன தாத்தா வந்தாரா, வெள்ளம் வந்ததா என்று விசாரித்து, அதை நான்கு இலக்க எண்ணாக மாற்றி, பரிசுச்சீட்டு விற்கும் நம்பர்க் கடைக்கு அனுப்புவது ஒரு வழி. கிரகப் பெயர்ச்சியையோ முன்னோர் குறையையோ காரணமாகச் சொல்லி, கோயிலில் ஓர் அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கச் சொல்வது மற்றொரு வழி. இரண்டிலும் கனவின் மீது மதிப்பு இருக்கிறது. கனவு வெறும் குப்பை என்று எங்கள் மக்கள் நினைத்ததில்லை. ஆயினும் கனவு கொண்டுவந்த செய்தி அதைக் கண்டவரிடம் போய்ச் சேர்வதில்லை. அது எண்ணாகக் கடைக்கும் குறையாகக் கோயிலுக்கும் போய்விடுகிறது.

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங்கின் ஆழ்மன உளவியலை நான் பல ஆண்டுகளாகப் படித்தும், என்னளவில் பயின்றும் வருகிறேன். விழிப்பில் நாம் அறிந்திருக்கும் நனவு மனமும், நம் அறிவுக்கு எட்டாமல் ஆழத்தில் இயங்கும் நனவிலி மனமும் இணைவது பற்றி அவர் எழுதியவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அந்த இணைவு இரு தரப்பும் பேசுகின்ற ஓர் உரையாடல் என்பதுதான். எங்கள் சமூகத்தில் நனவிலி பேசுவதற்கு இடங்கள் தாராளமாக உள்ளன. அதைக் கேட்டுவிட்டு நனவு மனம் தன் பொறுப்பில் நின்று பதில் சொல்வதற்கான இடந்தான் மிகவும் குறுகியிருக்கிறது. அந்தப் பதிலைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

யுங் 1900 இறுதியில் சூரிச் நகரின் பர்கோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் இளம் மருத்துவராகச் சேர்ந்தார். அதன் தலைவர் ஒய்கன் பிளாய்லர். ஆழ்மன உளவியல் என்ற பெயரைத் தந்தவர் என்று அவரையே குறிப்பிடுவார்கள். அங்கே யுங் நடத்திய சொல்தொடர்புச் சோதனைதான் நனவிலி என்ற கருத்தை எனக்கு முதன்முதலில் நம்பத்தக்கதாக்கியது, ஏனெனில் அதில் மறைபொருள் எதுவும் இல்லை. 100 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலும் நேரத்தை அளக்க ஒரு கடிகாரமும் மட்டுமே இருந்தன. மருத்துவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, எதிரில் இருப்பவர் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லை உடனே சொல்ல வேண்டும். பெரும்பாலான சொற்களுக்கு விடை தயக்கமின்றி வந்துவிடும். சில சொற்களில் மட்டும் நீண்ட மௌனம் ஏற்படும், அல்லது கேட்ட சொல்லையே திரும்பச் சொல்வார், அல்லது காரணமில்லாமல் சிரிப்பார், அல்லது மறுமுறை கேட்கும்போது தாம் முன்பு சொன்ன விடையையே மறந்திருப்பார். அப்படித் தடுமாறிய சொற்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், அவை அனைத்தும் ஒரே காயத்தையோ ஒரே ஆசையையோ சுற்றி நிற்பது தெரியவந்தது. உணர்ச்சியேறிய இந்தத் திரளைத்தான் மனச்சிக்கல் என்கிறோம். அது தனக்கென ஒரு விருப்பத்தோடு, நாம் அழைக்காத நேரத்தில் நம் குரலையும் நாடித்துடிப்பையும் எடுத்துக்கொள்கிறது. மனிதர்களுக்குச் சிக்கல்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் சிக்கல்களின் பிடியில் மனிதர்கள் இருப்பதைத்தான் யாரும் அறிவதில்லை என்ற பொருளில் யுங் பின்னாளில் எழுதினார்.

அந்தச் சோதனையை எனக்கு நடத்தியிருந்தால் மரம், தண்ணீர், பாட்டு என்ற சொற்களையெல்லாம் நான் எளிதாகக் கடந்திருப்பேன். தோட்டம் என்ற சொல்லில் நின்றிருப்பேன். என் பாட்டி செபராங் பிறையில் ஒரு கித்தாத் (ரப்பர்த்) தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துப் பட்டணத்துக்கு வந்தவர். நான் ஜார்ஜ்டவுனில் கணக்காய்வாளராக வேலை செய்கிறேன். மூன்று தலைமுறைகளில் இவ்வளவு தொலைவு வந்த குடும்பங்கள் இந்நாட்டில் ஏராளம். அந்தத் தொலைவைக் கடப்பதற்கு மனம் எதையெல்லாம் வழியில் இறக்கிவைக்க நேர்ந்தது என்பதை நாங்கள் வீட்டில் பேசியதே இல்லை.

உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃபிராய்டும் யுங்கும் 1907-இல் வியன்னாவில் முதன்முதலில் சந்தித்தார்கள். 1913-இல் உறவை முறித்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவைப் பற்றிப் பல நூல்கள் உள்ளன. எனக்கு வேண்டியது கனவு குறித்த வேறுபாடு மட்டுமே. ஃபிராய்டின் பார்வையில் கனவு என்பது அடக்கப்பட்ட ஆசை வேடமிட்டு வருவது. யுங்கின் பார்வையில் கனவு எதையும் மறைக்க முயல்வதில்லை. பகலில் நாம் கொண்டிருக்கும் நிலைப்பாடு எதை விட்டுவிட்டதோ அதை இரவில் ஈடுசெய்து காட்டுகிறது. பகலில் அளவுக்கு மீறிப் பணிபவருடைய கனவில் கலகக்காரன் வருகிறான். தம்மை மிக உயர்வாக எண்ணுபவர் கனவில் பள்ளத்தில் விழுகிறார்.

இந்த ஈடுசெய்தலை நான் மிகத் தெளிவாகக் கண்டது ஒரு மருத்துவக் குறிப்பில் அல்ல, சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில். புகார் நகரில் கணவனைப் பிரிந்து, ஒரு சொல்லும் கடிந்து பேசாமல் வீட்டுக்குள் இருக்கும் கண்ணகி, தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். அந்தக் கனவில் அவள் ஒரு பெரிய நகருக்குள் நுழைகிறாள். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேள்விப்படுகிறாள். "காவலன் முன்னர் யான் கட்டுரைத்தேன்" என்கிறாள். வீட்டில் கணவனிடமே முறையிடாத பெண், கனவில் அரசன் முன் நின்று வழக்குரைக்கிறாள். அது வருவதை முன்கூட்டிச் சொல்லும் கனவு என்றே காப்பியம் அமைந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குள் அதுவரை வாழாமல் இருந்த குரல் எது என்பதையும் அந்தக் கனவு காட்டிவிடுகிறது. அதைக் கேட்ட தேவந்தி என்ன சொல்கிறாள் என்பது இன்னும் முக்கியமானது. முற்பிறப்பில் ஒரு நோன்பு தவறியதே காரணம் என்றும், இரண்டு குளங்களில் நீராடிக் காமவேளின் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு இன்பமாக வாழலாம் என்றும் பரிகாரம் கூறுகிறாள். கண்ணகி அதற்கு "பீடன்று" என்று மட்டும் சொல்கிறாள். கனவை உடனே பரிகாரமாக மாற்றித் தீர்த்துவிடும் நம் வழக்கம் எவ்வளவு பழையது என்பதும், அதை மறுத்துக் கனவோடு நின்ற ஒருத்தி நம் இலக்கியத்திலேயே இருக்கிறாள் என்பதும் எனக்கு மிகுந்த தெம்பைத் தருகின்றன.

நனவிலி பேசும் இடங்கள் எங்களிடம் தாராளமாக உள்ளன என்று சொன்னேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளில் ஏறுபவர்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. விரதத்தில் தொடங்கி, உறுமி மேளத்தின் அடியில் அருள் இறங்குவது வரை ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு முறை இருக்கிறது. உடலைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறார். திருநீறு பூசி மீட்டுக்கொண்டுவர ஒரு பெரியவர் இருக்கிறார். நனவு மனம் விலகிக்கொள்ளும் நேரத்தில் மனிதன் சிதறிவிடாமல் காக்கும் கட்டுமானம் அது. சடங்குகளும் சமயக் குறியீடுகளும் ஆழ்மனத்தின் வேகத்திலிருந்து மனிதனைக் காத்துவந்தன என்றும், அவற்றை இழந்த ஐரோப்பியர் அந்த வேகத்தைத் தனியாக எதிர்கொள்ள நேர்ந்தது என்றும் யுங் திரும்பத் திரும்ப எழுதினார். அவ்வகையில் நாங்கள் பெரும்பேறு பெற்றவர்கள். அருள் என்பது வெறும் மனநிலை என்று குறுக்கிச் சொல்லவும் எனக்கு மனம் இல்லை. தெய்வம் உண்டா என்று உளவியலால் சொல்ல முடியாது, மனத்தில் உள்ள தெய்வப் படிமத்தைப் பற்றியே அது பேச முடியும் என்ற யுங்கின் எல்லைக்கோட்டை நானும் மதிக்கிறேன்.

என் ஏக்கம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. ஆண்டு முழுவதும் வாய் திறக்காத ஒரு பெண்மணிக்குச் சாமி வந்து, மாமியார், கணவன், பிள்ளைகள் அனைவரையும் வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அந்த ஒரு மணி நேரம் குடும்பமே கைகட்டி நிற்கிறது. "என் பிள்ளையை ஏன் அழ வைக்கிறீர்கள்?" என்று அந்தக் குரல் கேட்கிறது. சாமி மலையேறியதும் அந்த அம்மாள் தண்ணீர் குடிக்கிறார். என்ன பேசினேன் என்று நினைவில்லை என்கிறார். அம்மனுக்குச் சிவப்புப் புடவையும் எலுமிச்சை மாலையும் சாத்தப்படுகின்றன. மறுநாள் காலையில் அவர் அதே சமையலறையில் அதே மௌனத்தோடு நிற்கிறார். சொல்லப்பட்டது உண்மை, கேட்டவர்களும் அதைக் கேட்டார்கள். ஆனால் அந்தக் குரலுக்கும் காலையில் எழுந்து தேநீர் கலக்கும் அந்தப் பெண்மணிக்கும் இடையே ஒரு சொல்லும் பரிமாறப்படவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன.

இதே பிரிவு வேறொரு வடிவத்திலும் நடக்கிறது. நமக்குள் ஒப்புக்கொள்ள முடியாததை யுங் நிழல் என்று அழைத்தார். பொறாமை, பேராசை, கோபம் மட்டுமே நிழலில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். வாழ வாய்ப்புக் கிடைக்காத நல்லவையும் அங்கேதான் கிடக்கின்றன. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வியின் கீழ் வளர்ந்த பிள்ளைகளுக்கு, சத்தமாகச் சிரிப்பதும் மறுத்துப் பேசுவதும் கூட நிழலுக்குப் போய்விடுகின்றன. நிழலை நாம் நமக்குள் பார்ப்பதில்லை. அதை ஏற்றிவைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறார். கொழுந்தனின் மனைவி, அடுத்த வீட்டுக்காரர், வேறு இனத்தார், வேறு சாதியார் என்று ஆள் கிடைத்துவிடுகிறார். வீட்டில் வரிசையாக நோயும் நட்டமும் வந்தால் செய்வினை வைத்தவர் யார் என்று தேடத் தொடங்குகிறோம். நம் மனத்தில் ஒருவர் மீது உள்ள வெறுப்பு, அவர் மனத்தில் நம் மீது உள்ள வெறுப்பாகத் திரும்பி வந்து நம்மை அச்சுறுத்துகிறது. இப்படி ஏற்றிவைத்ததை அவரிடமிருந்து மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் இணைவின் முதல் வேலை என்று யுங் கருதினார். அது வலிக்கும் வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் திரும்ப எடுத்த அந்த நிமிடத்தில் குற்றம் சாட்டுவதற்கு யாரும் மிஞ்சுவதில்லை.

ஃபிராய்டைப் பிரிந்த பின் யுங் தம் ஆழ்மனத்தைத் தாமே எதிர்கொண்ட ஆண்டுகளில்தான் அந்தப் பதில் சொல்லும் முறை உருவாயிற்று. 1913-இல் அவருக்கு வயது 38. ஐரோப்பாவை வெள்ளம் மூடும் காட்சிகள் விழித்திருக்கும்போதே அவருக்குத் தோன்றின. அவற்றைத் துரத்தாமல், உள்ளே வந்த உருவங்களோடு பேசி, கேட்டதையும் தாம் சொன்னதையும் குறிப்பேடுகளில் எழுதினார். பின்னர் சிவப்புத் தோலட்டை போட்ட பெரிய ஏடொன்றில் அழகெழுத்திலும் ஓவியங்களிலும் அவற்றை வடித்தார். அந்த ஏடு 2009-இல்தான் அச்சில் வெளியாயிற்று. இந்த ஆண்டுகளிலும் அவர் நோயாளிகளைப் பார்த்தார். மனைவி மக்களோடு வாழ்ந்தார். குடும்பமும் தொழிலும் தம்மை மண்ணில் நிறுத்தின என்றும், அவை இல்லாததால் தத்துவஞானி நீட்சே அடியோடு பெயர்ந்துபோனார் என்றும் தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். அந்த வரி எனக்கு மிகவும் முக்கியம். உள்ளே இறங்குபவருக்கு வெளியே ஒரு முகவரி வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து 1916-இல் அவர் எழுதிய கட்டுரை 1957 வரை வெளிவரவில்லை. நனவு மனம் ஒன்றைச் சொல்கிறது, நனவிலி அதற்கு எதிரானதைச் சொல்கிறது. இரண்டில் ஒன்றை அடக்கினால் தற்காலிக அமைதி கிடைக்கும், ஆனால் அடக்கப்பட்டது வேறு வழியில் திரும்பி வரும். இரண்டையும் கைவிடாமல், அந்த இழுபறியைத் தாங்கிக்கொண்டு இருந்தால், இரு தரப்பும் எதிர்பாராத மூன்றாவது ஒன்று பிறக்கும் என்பதே அக்கட்டுரையின் சாரம். அதற்கான வழியைத்தான் பின்னாளில் செயலூக்கக் கற்பனை என்று அழைத்தார். அவருடைய மாணவியும் உடனுழைப்பாளருமான மரி-லூயிஸ் ஃபோன் ஃபிரான்ஸ் இதை மிகத் தெளிவாக விளக்கியிருக்கிறார்: மனத்தை வெறுமையாக்கி, வரும் உருவத்தை வரவிட்டு, எழுத்தாகவோ ஓவியமாகவோ அதற்கு வடிவம் தந்து, அதன்பின் அறப்பொறுப்போடு அதை எதிர்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியில்தான் பகற்கனவும் தியானமும் இதிலிருந்து வேறுபடுகின்றன.

நாற்பது வயதைக் கடந்தபின் எனக்கு அடிக்கடி ஒரு கனவு வந்தது. அலுவலகத்தின் கூட்ட அறையில் நான் ஒரு கணக்கறிக்கையை விளக்கிக்கொண்டிருப்பேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு வயதான பெண் நிற்பார். தலையில் துண்டு, பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தோளில் ஒட்டுப்பால் (மரத்திலும் கோப்பையிலும் உறைந்த ரப்பர்ப்பால்) சாக்கு. அவர் கதவைத் தட்டமாட்டார். ஒட்டுப்பாலின் நாற்றம் மட்டும் குளிரூட்டிய அறைக்குள் பரவும். மற்றவர்கள் கவனித்துவிடுவார்களோ என்று நான் குரலை உயர்த்திப் பேசுவேன், அப்படியே விழித்துக்கொள்வேன்.

இதன் பொருளைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. தோட்டத்தை வெளியே நிறுத்திவிட்டுப் பட்டணத்து வாழ்க்கையைக் கட்டியிருக்கிறேன் என்பது எந்தப் புத்தகமும் இல்லாமலே விளங்கியது. விளங்கிய பிறகும் கனவு நிற்கவில்லை. பொருள் அறிவது வேறு, இணைவது வேறு என்பதை அந்தக் கனவுதான் எனக்கு உணர்த்தியது. விளக்கம் என்பது கண்ணாடிக்கு உள்ளே இருந்துகொண்டே சொல்லக்கூடியது. கதவு மூடியே இருக்கும்.

ஆகவே ஓர் இரவு, வீட்டார் தூங்கிய பின், மேசையில் குறிப்பேட்டை விரித்துக் கண்ணை மூடி அந்தக் கதவை மனத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் அங்கேயே நின்றார். "யாரம்மா நீங்கள்?" என்று எழுதினேன். நெடுநேரம் பதில் இல்லை. நானாக ஒன்றைப் புனைந்து எழுதிவிடலாம் என்ற ஆசை வந்தது. புனைந்த வரிக்கும் வந்த வரிக்கும் உள்ள வேறுபாடு, வந்த வரி நம்மை வியக்க வைக்கும் என்பதுதான். நான் ஒரு பழிச்சொல்லையோ ஆசியையோ எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவர் கேட்டது இது: "சாக்க எங்க எறக்கட்டும்?"

இங்கே இறக்க இடமில்லை என்று எழுதினேன். அது பொய்யில்லாத பதில். அலுவலகத்தில் ஒட்டுப்பாலுக்கு இடம் இல்லைதான். நனவிலி எதைக் கேட்டாலும் உடனே பணிந்துவிடுவது உரையாடல் ஆகாது. என் தரப்பு எதுவோ அதை நான் சொல்லியாக வேண்டும். என் மதிப்பு, என் கடன், என் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த அறையைச் சார்ந்திருக்கின்றன. "அப்ப நிக்கிறேன்" என்றார் அவர். சில இரவுகள் இதே இடத்தில் நின்றது. பிறகொரு நாள் அவரே சொன்னார்: "ஒனக்குத்தான் கணக்குத் தெரியுமே. நிறுத்துப் பாரு. கிராணி எழுதுனது சரியான்னு எனக்குத் தெரியாது."

அந்த வரியை எழுதியபோது என் கை நடுங்கியது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கொண்டுபோன பாலையும் ஒட்டுப்பாலையும் நிறுத்து, எவ்வளவு என்று எழுதியவர் கிராணி. அந்த எண்ணை நம்பித்தான் கூலி. எண்களைச் சரிபார்ப்பதை நான் தொழிலாக எடுத்துக்கொண்டது, தோட்டத்திலிருந்து முடிந்த அளவு விலகிப்போகும் வழி என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அந்தத் தொழில் அந்தச் சாக்கைப் பின்தொடர்ந்தே வந்திருக்கிறது என்ற எண்ணம் எனக்கு முன்பு தோன்றியதே இல்லை. கதவைத் திறப்பதா மூடுவதா என்ற இரண்டு முடிவுகளுக்கு நடுவே நான் தவித்துக்கொண்டிருந்தபோது, நிறுத்துப் பார் என்று மூன்றாவது ஒன்று வந்தது. யுங் 1916-இல் எழுதியதை நான் அன்றுதான் புரிந்துகொண்டேன்.

அறப்பொறுப்பு என்பது இதற்குப் பின் வருகிறது. உள்ளே கேட்டதை வெளியே ஒரு செயலாக்காவிட்டால், அந்த உரையாடல் ஓர் இனிய இரகசியமாகவே சுருங்கிவிடும். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அத்தையிடம் போய்ப் பாட்டியைப் பற்றிக் கேட்டேன். நான் குழந்தையாக இருந்தபோது எல்லோரும் மறைத்துப் பேசியவை பல, அத்தைக்கு மறைக்க வேண்டியவையாகவே இல்லை. வார இறுதிகளில், தோட்டத்தை விட்டு வந்த முதியவர்கள் சிலருக்கு ஊழியர் சேமநிதி அறிக்கையையும் வங்கிக் கடிதங்களையும் படித்துச் சொல்லத் தொடங்கினேன். அலுவலகத்தில் என் ஊர் எது என்று யாராவது கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்கிறேன். அதைச் சொல்லும்போது இப்போது குரல் உயர்வதில்லை. கனவும் மாறியது. ஒருமுறை அந்த அம்மாள் அறைக்குள் நாற்காலியில் அமர்ந்து, எனக்குச் சம்பந்தமில்லாத யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அதன்பின் வருவது நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட உருவம் ஒன்று நம்மைத் தொட்டுவிட்டால், அதுவாகவே ஆகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. எனக்கும் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்து மக்களின் குரலாக என்னை அறிவித்துக்கொள்ளும் கிளர்ச்சி சில வாரங்கள் இருந்தது. ஆழ்மனத்திலிருந்து எழும் ஆற்றலைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு வீங்கிப்போவதை யுங் கடுமையாக எச்சரித்தார். இங்கே சைவ சித்தாந்தம் எனக்கு உதவியது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் இயல்புடையது என்பது அதன் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. அப்படியானால் எதைச் சந்திக்கிறோம் என்பதை விட, சந்திக்கும்போது யாராக நிற்கிறோம் என்பதே பெரிய கேள்வியாகிறது.

யுங் 1937 இறுதியில், கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்காக இந்தியா வந்தார். திருவண்ணாமலைக்குச் சென்று இரமண மகரிஷியைப் பார்க்க வாய்ப்பிருந்தும் செல்லவில்லை. பின்னர் இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிக் சிம்மர் இரமணரைப் பற்றி எழுதிய நூலுக்கு முன்னுரை எழுதியபோது அதை அவரே குறிப்பிடுகிறார். தமிழர்கள் பலர் இதை அகந்தை என்று குறைகூறுவதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிக் கருதவில்லை. அவருக்கு ஓர் உண்மையான கருத்து வேறுபாடு இருந்தது: 'நான்' முற்றிலும் கரைந்துபோனால், நடந்ததை அறிவதற்கு அங்கே யார் எஞ்சுவார் என்று கேட்டார். அத்வைதிகளிடம் இதற்கு வலுவான விடை உண்டு. சித்தாந்தமோ, முத்தியிலும் உயிர் இறைவனோடு ஒன்றாகி இல்லாமற் போவதில்லை, உயிரைப் பிணிக்கும் ஆணவ மலத்தின் வலிமை அடங்குகிறதே ஒழிய அது அழிவதில்லை என்கிறது. மனத்தின் அளவில் மட்டும் பேசினால், யுங் சொன்ன இணைவுக்கு அத்வைதத்தை விடச் சித்தாந்தமே நெருக்கமானது என்பது என் எண்ணம். இரண்டு இருக்க வேண்டும். இரண்டும் உறவில் இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு முயல விரும்புபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாத குரல்கள் பகலிலேயே கேட்பவர்கள், உறக்கமின்றிக் கிளர்ச்சியில் இருப்பவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் செயலூக்கக் கற்பனையைத் தொடவே கூடாது. அவர்களுக்கு வேண்டியது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அவசரத்தில் பேச பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவை இருக்கிறது. ஆலோசகரிடம் போனால் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டு நனவிலி (மனிதர் எல்லோருக்கும் பொதுவான ஆழ்மனம்), தொல்படிமம் (அதில் உள்ள பொதுவான உருவம்) போன்ற யுங்கின் கருத்துகளை இன்றைய ஆய்வு உளவியலில் பலர் ஏற்பதில்லை என்பதும் உண்மை. அவற்றை நிறுவப்பட்ட அறிவியலாகக் கொள்ளாமல், தன்னைத் தான் அறிய உதவும் ஒரு மொழியாகவே நான் கையாள்கிறேன்.

யுங்கோடு நான் உடன்படாத இடமும் ஒன்று உண்டு. இந்த உள்முக வேலை வாழ்வின் இரண்டாம் பாதிக்கு உரியது என்றும், இளமையில் உலகில் காலூன்றுவதே கடமை என்றும் அவர் கருதினார். சுவிட்சர்லாந்தில் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் இருந்த குடும்பங்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். எங்கள் பிள்ளைகள் பதினெட்டு வயதில் கோலாலம்பூருக்குப் படிக்கப் போகும்போதே வீட்டில் ஒரு பேச்சு, விடுதியில் ஒரு பேச்சு, வகுப்பில் ஒரு பேச்சு என்று பிரிந்துவிடுகிறார்கள். பாட்டியின் பெயரைச் சொல்லத் தயங்குவது அப்போதே தொடங்குகிறது. அவர்கள் நாற்பது வயது வரை காத்திருக்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அங்கே படிக்கும் என் அண்ணன் மகள் சில வேளைகளில் தன் கனவை எழுதி அனுப்புகிறாள். "அத்தை, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பாள். நான் அர்த்தம் சொல்வதில்லை. அந்தக் கனவில் வந்தவரிடம் அவளுக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன். இருந்தால் அதைத் தனக்கென வைத்திருக்கும் குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறேன். அங்கே என்ன பதில் வருகிறது என்பதை அவள் என்னிடம் காட்ட வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.